நிலக்கரியும் மண்ணெண்ணெயும் நம் பேரேடும்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழ் கற்பிப்பவன் ஒருவன் நிலக்கரியையும் மண்ணெண்ணெயையும் பற்றிப் பேச முற்பட்டமை உங்களுட் சிலர்க்கு வியப்பாய்த் தோன்றலாம். இலக்கணமும் நிகண்டும் பாடஞ் சொல்பவனுக்கு நிலத்தடியிற் கிடக்கும் எரிபொருளோடு யாது தொடர்பு என்று வினவுவீர்களாயின், அவ்வெரிபொருளோடு தொடர்பற்றவர் இக்காலத்து ஒருவருமில்லை என்பதே என் விடை. அன்றியும், இப்பொருளை விளக்குதற்கு அரிய விஞ்ஞானச் சொற்கள் மிகுதியும் வேண்டுவதில்லை. முதல், வட்டி, மகமை, பேரேடு, ஐந்தொகை என்னும் சொற்களை அறியாதார் இவ்வவையில் எவரும் இலர். அவற்றைக் கொண்டே இன்று பேசக் கருதுகின்றேன்.

முதற்கண் சொற்பொருளை நோக்குவோம். எண்ணெய் என்பது எள்ளின் நெய். விருதுநகர்ச் சந்தையில் அப்பெயர்க்குரிய எள்ளெண்ணெயும், பின்வந்த கடலையெண்ணெயும் நெடுங்காலம் பெயர்பெற்று விளங்குகின்றன. மண்ணிலிருந்து எடுக்கும் நெய்க்கு எள்ளோடு யாதொரு உறவுமில்லையாயினும், விளக்கெரிக்க உதவிற்றாதலின் அதனையும் மண்ணெண்ணெய் என்று நம்மவர் வழங்கினர். இனி, கரி என்னுஞ் சொல்லுக்கு எரிந்தெஞ்சிய பொருள் என்பது மட்டுமன்றிச் சான்று என்னும் பொருளும் பழந்தமிழில் உண்டு. நிலக்கரி இவ்விரு பொருளுக்கும் ஏற்புடையது. சில சுரங்கங்களில் அதனருகே கிடக்கும் பாறைகளைப் பிளந்து பார்த்தால், பண்டைக்காலத்து இலைகளின் நரம்பு அச்சிட்டாற் போலப் பதிந்திருக்கக் காணலாம். முன்னொரு காலத்தில் இங்கே பெருங்காடு இருந்தது என்பதற்கு அதுவே கரி.

அக்காடு எக்காலத்தது? ஒடிசா, ஜார்க்கண்டு முதலிய இடங்களில் தோண்டப்படும் நிலக்கரி ஏறக்குறைய 25 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட மரஞ்செடிகள் சேற்றிற் புதையுண்டு, மேலே படிந்த மண்ணின் பாரத்தாலும் நிலத்தின் வெப்பத்தாலும் இறுகியது. நெய்வேலியிலுள்ள பழுப்பு நிலக்கரி அதனினும் மிக இளையது. ஆயினும் அதன் வயதும் கோடியாண்டுகளில் எண்ணத்தக்கதே. கல்லெண்ணெயோ மரத்தினின்று வந்ததன்று. பழங்கடல்களில் மிதந்த நுண்ணுயிர்கள் மடிந்து அடியிற் படிந்து உருமாறியது. மரமாயினும் நுண்ணுயிராயினும் மூலம் ஒன்றே. வெயிலின் ஆற்றலைத் தம்முள் வாங்கிச் சேர்த்து வைத்தவை அவை. நிலக்கரியை எரிக்கின்ற நாம் பழங்காலத்து வெயிலையே எரிக்கின்றோம்.

நம் கரிசற்காட்டில் சீமைக்கருவேல மரத்தை வெட்டி மூட்டம் போட்டுக் கரி எடுத்தலை அனைவரும் அறிவர். வெட்டிய தூர் மழை கண்டவுடன் தழைக்கின்றது. சில ஆண்டுகளில் மீண்டும் வெட்டுக்கு வருகின்றது. வட்டியை எடுத்து உண்டு முதலைக் கைவையாது விடுதல் இதுவாம். நிலக்கரி அத்தகையதன்று. பல கோடி ஆண்டுகளாகச் சேர்ந்த முதலை இருநூறு முந்நூறு ஆண்டுகளில் எடுத்துச் செலவிடுகின்றோம். இட்ட வைப்பை ஈடுசெய்வார் எவருமில்லை. முதலைத் தின்கின்ற வாணிகம் எத்துணை ஆரவாரமாய் நடப்பினும் அது வாணிகமாகாது என்பதை ஈண்டுள்ள பெரியோர்களுக்கு நான் எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

இவ்வாறு கூறுதலால் நிலக்கரியையும் எண்ணெயையும் பழிக்க வந்தேன் என்று கொள்ளற்க. வரவு எழுதாமற் செலவை மட்டும் எழுதுதல் நேர்மையான கணக்காகாது. நம் முன்னோர் மாட்டுவண்டிகளிற் பொதியேற்றி, வழிப்பறிக்கு அஞ்சிப் பேட்டைதோறும் தங்கித் தங்கிச் சென்று வாணிகஞ் செய்தவர்கள். 1870-களில் மதுரைக்கும் தூத்துக்குடிக்கும் இடையே நீராவிப் புகைவண்டி ஓடத் தலைப்பட்டபின், அந்நாளில் விருதுபட்டி எனப் பெயரிய இவ்வூர் பருத்திக்கும் மிளகாய்க்கும் பயறு வகைகளுக்கும் பெருஞ்சந்தை ஆயிற்று. அவ்வண்டியை இழுத்தது நிலக்கரி. இலுப்பை எண்ணெயும் ஆமணக்கெண்ணெயும் வாங்க மாட்டாத குடிசையிலும் இரவில் ஒரு பிள்ளை புத்தகம் விரித்தது மண்ணெண்ணெய் விளக்கின் ஒளியில். விறகுப் புகையிற் கண்ணெரிந்து இருமி நின்ற தாய்மார்க்கு அடுப்பங்கரையில் மூச்சுவிட இடங்கொடுத்தது எரிவாயு உருளை. இவற்றை மறப்போமாயின் நன்றி கொன்றவராவோம்.

நெய்வேலியின் வரலாறும் அவ்வாறே. 1930-களில் அவ்வூர் நிலக்கிழார் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்திற் கிணறு எடுத்தபோது கருநிறமான பொருள் வெளிப்பட்டது. பிற்காலத்து நம் விருதுநகர் ஈன்ற பெருந்தலைவர் காமராஜர் சென்னை மாநிலத்து முதலமைச்சராயிருந்த நாளில், 1956-ஆம் ஆண்டு நெய்வேலி நிறுவனம் தோன்றிற்று. 1957-ஆம் ஆண்டு மே மாதம் 20-ஆம் நாள் பண்டித நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். கிராமங்கள்தோறும் மின்கம்பம் நட்டதும், கிணறுகளில் மின்னிறைவை ஓடியதும் அக்காலத்துத் தொடங்கிப் பெருகின. வறண்ட நிலத்துப் பிறந்த ஒருவர் மின்னாற்றலின் அருமையை அறிந்திருந்தார் என்பதில் ஐயமில்லை.

இனிச் சிவகாசிக்கு வருவோம். 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுவந்த செய்தி நம் குழந்தைகளும் அறிந்தது. மழை குறைந்து வெயில் மிகுந்த இந்நிலம், உழவனுக்குப் பகையாயினும் அத்தொழிலுக்கு நட்பாயிற்று. தீப்பெட்டியின் பின் வாணவேடிக்கையும், அவற்றின் மேலுறைக்கென அச்சுத் தொழிலும் வளர்ந்தன. இம்மூன்று தொழிலும் வெயிலையும் கைத்திறனையும் மட்டுமே நம்பி நிற்பன என்று பலர் எண்ணுவர். அது முழுவுண்மையன்று.

ஒரு தீக்குச்சியைக் கையிலெடுத்து நோக்குங்கள். தலையிலுள்ள மருந்து பற்றியவுடன் குச்சியும் தொடர்ந்து எரிய வேண்டி, அதனைப் பாரஃபின் மெழுகில் தோய்க்கின்றனர். அம்மெழுகு கல்லெண்ணெயைச் சுத்திகரிக்கையிற் கிடைப்பது. கருமருந்தில் உப்பும் கரியும் கந்தகமும் உள. உலகில் இன்று விற்கும் கந்தகத்திற் பெரும்பகுதி எண்ணெயிலிருந்தும் இயற்கை வாயுவிலிருந்தும் பிரித்தெடுத்ததே. மத்தாப்பு வெண்மையாய் ஒளிர்தற்குரிய அலுமினியத்தை ஒரு கிலோ பிரித்தெடுக்க ஏறக்குறைய 14 யூனிட் மின்சாரம் வேண்டும். நம் நாட்டில் அம்மின்சாரம் பெரும்பாலும் நிலக்கரியால் ஆவது. நாட்காட்டி அச்சிடும் கறுப்பு மையிலுள்ள கரித்தூள் கனத்த எண்ணெயை எரித்து எடுத்த புகைக்கரி. சரக்கை ஏற்றிச் செல்லும் லாரியைப் பற்றிச் சொல்ல வேண்டா. இவற்றை ஓதியது ஏனெனின், நிலத்தடி எரிபொருளின் கதை எங்கோ அரபு நாட்டிலும் அமெரிக்காவிலும் நடக்கும் கதையன்று என்பதற்காகவே. அது நம் சட்டைப் பையிலுள்ள தீப்பெட்டியின் கதையுமாம்.

வரவு இதுவாயின், பற்று யாது? எரிந்த பொருள் அழிந்துவிட்டது என்று நாம் கருதுகின்றோம். அஃது அழிவதில்லை; இடமும் உருவும் மாறுகின்றது. கரியணு, காற்றிலுள்ள பிராணவாயுவோடு கூடிக் கரியமிலவாயு ஆகின்றது. 12 பங்கு எடையுள்ள கரி 32 பங்கு பிராணவாயுவைச் சேர்த்துக்கொண்டு 44 பங்கு வாயுவாய்ப் பெருகுகின்றது. அதனாலேதான் ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறக்குறைய 2.7 கிலோ கரியமிலவாயு உண்டாகின்றது. 14.2 கிலோ எடையுள்ள அடுப்பு வாயு உருளை ஒன்று தீர்ந்தபோது 40 கிலோவிற்கு மேற்பட்ட வாயு நம் வீட்டுப் பலகணி வழியே வெளியேறிவிட்டது. நிலக்கரியால் ஆக்கிய ஒரு யூனிட் மின்சாரத்தின் பின்னே ஏறக்குறைய ஒரு கிலோ நிற்கின்றது.

இவ்வாயுவிற்கு நிறமில்லை, மணமில்லை. புகை கண்ணைக் கரிக்கும். உடனே கதவைச் சாத்துவோம். இது கண்ணையும் மூக்கையும் ஏமாற்றிச் சென்று வானிற் சேர்கின்றது. நூற்றாண்டுக் கணக்கில் அங்கே தங்குகின்றது. பகலில் வெயில் தந்த வெம்மையை நிலம் வெளிவிடும்போது அதனைத் தடுத்துப் போர்வை போல் மூடிக்கொள்கின்றது. யந்திரத் தொழில்கள் பெருகுமுன் பத்து லட்சம் பங்கு காற்றில் இவ்வாயு 280 பங்கு அளவில் இருந்தது. ஹவாய்த் தீவிலுள்ள மௌனலோவா மலையில் 1958-ஆம் ஆண்டு அளக்கத் தொடங்கியபோது 315 அளவில் இருந்தது. இன்று 420-ஐயும் கடந்துவிட்டது. உலகின் சராசரி வெப்பமும் உயர்ந்து வருகின்றது. 2024-ஆம் ஆண்டு, யந்திர யுகத்திற்கு முற்பட்ட நிலையினின்று 1.5 பாகை உயர்வைக் கடந்த முதல் ஆண்டாயிற்று என உலக வானிலைக் கழகத்தார் கணித்தனர். பேரேட்டில் எழுதாத கடன் இல்லாத கடன் ஆகிவிடாது, வட்டியோடு வளரும்.

தோண்டுமிடத்தும் கொண்டுசெல்லுமிடத்தும் நேரும் செலவும் உண்டு. நெய்வேலியில் நிலக்கரிப் படுகைக்குக் கீழே அழுத்தம் மிக்க நீர்ப்படுகை ஒன்றுளது. இரவும் பகலும் அந்நீரை இறைத்தாலன்றிச் சுரங்கம் வெட்டவியலாது. அருகிலுள்ள உழவர்க்கு நிலத்தடி நீர் தாழ்தலும், ஊர்கள் இடம்பெயர்தலும் தீராக் குறைகளாயின. 2023-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் வளையமாதேவியில் வளர்ந்து நின்ற நெற்பயிரின்மீது மண்வாரி யந்திரங்கள் ஏறிக் கால்வாய் வெட்டிய காட்சி கண்டு தமிழகம் முழுதும் வருந்திற்று. எண்ணூரில், பெருந்தலைவர் பெயர் தாங்கிய துறைமுகத்தின் அருகே 2017-ஆம் ஆண்டு ஜனவரி 28-ஆம் நாள் இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கடலிற் பரந்தது. மக்கள் வாளி கொண்டு அதனை மொண்டெடுத்தனர். மீன்பிடித்து வாழ்வார் தொழிலிழந்தனர். தூத்துக்குடியில் 1979 முதல் நடைபெற்று வரும் அனல்மின் நிலையத்திற்குக் கப்பலேறி வரும் இந்திய நிலக்கரியில் நூற்றுக்கு முப்பது பங்குக்கு மேல் சாம்பலே உளது. நமக்கு விளக்கெரிகின்றது, சாம்பல் அவ்வூரார்க்கு எஞ்சுகின்றது.

நம் கரிசல் நிலத்திற்கு இவற்றால் என்ன என்று கேட்பாரும் உளர். காற்று ஒரு பாகை வெம்மையேறினால் நூற்றுக்கு ஏழு பங்கு அதிகமான நீராவியைத் தாங்கவல்லது. ஆதலின் காய்ந்தால் மிகவும் காய்தலும், பெய்தால் ஒரே முறையிற் கொட்டித் தீர்த்தலும் பெருகும் என்பது அறிஞர் முடிபு. 2023-ஆம் ஆண்டு டிசம்பர் 18-ஆம் நாள் காலையோடு முடிந்த ஒரு நாளிற் காயல்பட்டினத்தில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. நம் மாவட்டத்திற்கு ஓராண்டு முழுதும் சராசரியாகக் கிடைக்கும் மழை அதனினுங் குறைவு. அவ்வொரு மழைக்கு இதுவே காரணம் என்று அறுதியிட்டுக் கூறேன். அத்தகைய மழை இனி அரிதாயிராது என்பதே அஞ்சத்தக்கது.

வெயிலையே மூலதனமாகக் கொண்ட தொழில் நம்முடையது. தோய்த்த குச்சியும், உருட்டிய வெடியும் காய வேண்டும். வானம் மூடினால் களம் வெறிச்சோடும். அன்றைய கூலி இல்லை. வெயில் மிகினும் தீமையே. ஈரம் வற்றிய கோடையில் மருந்துக் கலவை சிறிய உராய்விற்கும் பொறுப்பதில்லை. அதன் விளைவை எத்தனை வீடுகள் அழுது அறிந்துள்ளன என்பதை இவ்வவையில் விரித்துரைக்க மனம் வரவில்லை. பருவம் தடுமாறும்போது ஆலை முதலாளிக்கு இலாபம் குறையும். கூலிக்குச் செல்பவளுக்கு உலை ஏறாது. ஆதலின் இப்பொருள் ஏட்டுப் பேச்சன்று.

இங்கே இரு தடைகள் எழுப்பப்படுகின்றன. 'ஆண்டு முழுதும் மோட்டார்களும் அனல்மின் நிலையங்களும் கக்கும் புகையை விடுத்து, ஓரிரு நாள் வெடிக்கும் நம் பட்டாசையே உலகம் பழிக்கின்றதே' என்பது ஒன்று. இதில் உண்மையுண்டு. டில்லியின் மாசுக்கு வண்டிப் புகையும், ஆலையும், வைக்கோல் எரிப்பும், புழுதியும் பெருங்காரணங்கள். பட்டாசின் புகை சில நாளிற் படிந்துவிடும், கரியமிலவாயு படிவதில்லை. ஆயினும் நம் புகையும் புகையே. நோயாளியின் நெஞ்சு, இது சிவகாசிப் புகை என்று கருணை காட்டாது. 2018-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் உச்சநீதிமன்றத்தார் பேரியம் கலந்த வெடிகளை விலக்கி, வெடிக்கும் நேரத்தையும் வரையறுத்தனர். அவ்விதியை ஒழுங்காகக் கைக்கொண்டு புகை குறைந்த சரக்கைச் செய்தால்தான், பிறர் புகையைச் சுட்டிப் பேசும் உரிமை நமக்கு வலுப்பெறும்.

'வெள்ளையர் நாடுகள் இருநூறு ஆண்டுகள் எரித்துச் செல்வம் சேர்த்தபின் நம்மை நிறுத்தச் சொல்லுதல் நியாயமோ' என்பது மற்றொன்று. நியாயமன்று. இந்தியர் ஒருவர்க்கு ஆண்டொன்றிற்கு ஏறக்குறைய 2 டன் கரியமிலவாயு கணக்காகின்றது. அமெரிக்கர் ஒருவர்க்கோ அதன் ஏழு மடங்கு. மிகுதியாகக் கடன்பட்டவன் மிகுதியாகத் தீர்த்தல் வேண்டும் என்று உலக அவைகளில் நம் நாட்டார் வாதாடுதல் தக்கதே. எனினும் நம் வீட்டுக் கணக்கையும் பார்க்க வேண்டும். நாட்டிற் செலவாகும் கச்சா எண்ணெயில் நூற்றுக்கு எண்பத்தைந்து பங்குக்கு மேல் பிறநாட்டிலிருந்து வாங்குகின்றோம். எங்கோ போர் மூண்டால் இங்கே லாரி வாடகை ஏறுகின்றது. பிறன் கையிலுள்ள சரக்கை நம்பிக் கடை நடத்துதல் அறிவுடைமையாகுமா?

வட்டியில் வாழும் வழி நம் வாயிலிலேயே உளது. கயத்தாற்றுக் கரிசலிலும் முப்பந்தல் கணவாயிலும் காற்றாலைகள் சுழல்கின்றன. தமிழ்நாட்டிற் காற்றால் மின்னாக்கும் ஆற்றல் 10,000 மெகாவாட்டைக் கடந்துள்ளது. அருப்புக்கோட்டைக்குக் கிழக்கே கமுதியில் 2016-ஆம் ஆண்டு 648 மெகாவாட் வெயில் மின்னிலையம் எழுந்தது. முன்னோர் சபித்த வெயில் இன்று விலைபோகின்றது. இவற்றிற்கும் குறையுண்டு. இரவில் வெயிலில்லை; ஆடிக்காற்று ஆண்டு முழுதும் வீசாது; மின்கலத்தில் தேக்கி வைக்கப் பொருட்செலவு மிகும்; மேய்ச்சல் நிலமும் சுருங்கும். ஆதலின் நாளையே நிலக்கரியைக் கைவிடலாம் என்று கூறுவார் கூற்றை நான் ஏற்கவில்லை. இந்திய அரசினரும் 2070-ஆம் ஆண்டையே எல்லையாகக் குறித்துள்ளனர். அவ்வளவுகாலம் கைகட்டி இருத்தலோ அதனினும் பெருந்தவறு.

நம் கையிலுள்ளது யாது? உறவின்முறையார் பேட்டையில் வந்திறங்கிய மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை எடுத்தனர். அம்மகமையே பள்ளியாயிற்று, கிணறாயிற்று, சத்திரமாயிற்று. இல்லத்தரசிகள் உலையிலிடுமுன் ஒரு பிடி அரிசியை வேறு கலத்திலிட்டனர். 1889-ஆம் ஆண்டு தோன்றிய க்ஷத்திரிய வித்தியாசாலை அப்பிடியரிசியாலும் வளர்ந்தது. அதில்தான் காமராஜரும் பயின்றார். உண்ணுமுன் எடுத்து வைத்தல் என்னும் இவ்வழக்கத்தை எரிபொருளுக்கும் விரித்தல் வேண்டும் என்பதே என் விண்ணப்பம்.

முதலாவது, நம் பள்ளி, திருமண மண்டபம், சங்கக் கட்டடம் ஒவ்வொன்றிலும் மாதந்தோறும் செலவாகும் மின்சாரத்தையும் டீசலையும் தனியேட்டிற் பதிந்து மகாசபையில் வாசித்தல் வேண்டும். இரண்டாவது, அச்செலவில் ரூபாய்க்கு இவ்வளவு என்று 'எரிபொருள் மகமை' எடுத்து, அந்நிதியால் அக்கட்டடங்களின் கூரைமீது வெயில்மின் தகடுகள் அமைத்தல் வேண்டும். பகலிலேயே இயங்கும் பள்ளிக்கூடத்திற்கு அதனினும் பொருத்தமான மின்சாரம் வேறில்லை. மூன்றாவது, சரக்கு அனுப்புவோர் தம்முட்கூடி, வெற்று லாரி திரும்பாவண்ணம் பொதி சேர்த்து அனுப்புதல் வேண்டும்; இதனால் கூலியும் மிச்சம், டீசலும் மிச்சம். நான்காவது, ஊருணிகளையும் கண்மாய்களையும் தூர்வாரி, கொட்டும் மழையைத் தேக்கக் கற்றல் வேண்டும். ஐந்தாவதும் எனக்கு முதன்மையாகத் தோன்றுவதும் இதுவே: மழையாலும் கடுங்கோடையாலும் களம் மூடப்படும் நாட்களில் கூலியிழக்கும் தொழிலாளிக்கு, அவர் எச்சாதியினராயினும், அம்மகமை நிதியிலிருந்து ஒரு பங்கு சேர்தல் வேண்டும். எரிபொருளால் வந்த இலாபத்தில் பங்கு பெறாதவர் அதன் நட்டத்தை மட்டும் சுமத்தல் அறமாகாது.

இவ்வைந்தும் உலகின் வெப்பத்தை ஒரு மயிரிழையும் குறையா என்று கணக்கறிந்தார் நகைக்கலாம். ஒரு பிடி அரிசியும் அவ்வாறே நகைக்கத்தக்கதாயிருந்தது. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது நம்மவர் முதுமொழி. வானிலே போடுவதை இதுகாறும் அளவாமலே போட்டுவந்தோம். இனியேனும் அளந்து எழுதுவோம். எழுதிய கணக்கைப் பிள்ளைகள் கையிற் கொடுக்குங்கால், முதல் எவ்வளவு எடுத்தோம், அதற்கு ஈடாக எதனை வைத்துச் செல்கின்றோம் என்பதையும் அவர்கள் அவ்வேட்டிற் காணும்படி செய்வோமாக.